ஆணி என்றுதான் சொன்னேன்

ஜூன் 12, திங்கள்

மேனேஜர் தர்மலிங்கம் சார் இன்று ஒரு டைரியைக் கொடுத்தார். "ஹாஸ்டல்ல நடக்கறதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க செங்கமலம். தண்ணி, கரண்டு, யாரு லீவு, யாருக்கு ஒடம்பு சரியில்ல, எல்லாம். நாளைக்கு யாராவது வந்து கேட்டா காட்டணும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இன்றைய தேதிக்கு ஐம்பத்து நான்கு பெண்கள். எல்லோரும் நம் கடையில் சேல்ஸ். புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். நான் பகலில் இரண்டாம் மாடிப் பட்டுப் பிரிவுக்கு சூப்பர்வைசர், கடை முடிந்து வந்தால் இவர்களுக்கு வார்டன். கடைக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. குளியலறை நான்கு. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் பார்ப்பவரை வரச் சொல்லியிருக்கிறது.

எனக்கு இடது குதிகாலில் ஆணி. நாளெல்லாம் நிற்கிறவளுக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். உட்கார ஸ்டூல் போடச் சொல்லி சட்டம் வந்த வருடம் மாடிக்கு ஒன்று வந்தது. அதன் மேல் இப்போது பெட்டி அடுக்கியிருக்கிறது.

ஜூன் 14, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. மூன்றாவது குளியலறையில் தண்ணீர் போக மாட்டேன் என்கிறது. கணுக்கால் வரை நிற்கிறது.

ஜூன் 19, திங்கள்

காலையில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிளேடால் ஆணியைச் சீவிக்கொண்டிருந்தேன். கோகிலா தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். கீரனூர்ப் பக்கத்துப் பெண், இருபது வயது, பட்டுப் பிரிவில் என்னிடம்தான் இருக்கிறாள். புடவையை விரித்துக் காட்டுகிற கை அவளுக்கு. அவள் விரித்தால் வாங்காமல் எழுந்து போகிறவர்கள் குறைவு.

லீவு கேட்க வந்தவள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, எனக்கும் இதே மாதிரி இருக்குக்கா" என்று தன் வலது காலைத் தூக்கிக் காட்டினாள். விரல்களுக்குக் கீழே மூன்று. பூக்கோசு போல மேலே பிளந்திருந்தது.

"எனக்கு இருக்கறது ஆணி. உனக்கு வேற என்னவோ" என்றேன்.

"பாக்க ஒண்ணாத்தானக்கா இருக்கு?"

"குளிக்கறப்ப கல்லுல தேய்ச்சியா?"

"தெனமும் தேய்க்கறேன்க்கா. நீங்க வச்ச கல்லுலதான்."

முதல் குளியலறையில் இருக்கிற கால் தேய்க்கிற கல் நான் வாங்கி வைத்தது. நான்கு வருடமாக எல்லோரும் புழங்குகிறார்கள். இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 25, ஞாயிறு

மத்தியானம் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துக் கால்களைப் பார்த்தேன். ஒன்பது பேருக்கு இருக்கிறது. இரண்டு பேர் குதிகாலைத் தரையில் வைக்க முடியாமல் விரல் நுனியில் நடக்கிறார்கள். அபிநயாவுக்கு ஐந்து இடத்தில். அவளோடு ஒரே அறையில் இருக்கிற ஜெயசீலிக்கு இல்லை. ஜெயசீலி மட்டும் குளியலறைக்குள்ளும் ரப்பர் செருப்புப் போடுகிறவள். அதற்காக நான் அவளைப் பல தடவை திட்டியிருக்கிறேன். செருப்பை மாடிப்படிக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மேலே வரவேண்டும் என்பது இங்கே நான் வைத்த சட்டம். மண் வரக்கூடாது என்பதற்காக வைத்தது.

குளியலறை வாசலில் ஒரே ஒரு சாக்கு மிதியடி. பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது.

ஜூலை 1, சனி

மூன்று மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்தில் ஒரு அம்மா புகார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். மெத்தையில் புடவை விரித்துக்கொண்டிருந்த பெண்ணின் உள்ளங்காலைப் பார்த்துவிட்டாராம்.

"தாலி கட்டறப்ப கட்டற பொடவை மேல கால் வியாதிக்காரி நிக்கறான்னு கத்திட்டுப் போனாங்க. மொதலாளி காதுக்குப் போயாச்சு" என்றார்.

"ஆணி சார். நிக்கறதுனால வர்றது."

"என்னவோ இருக்கட்டும். ஆடி ஒண்ணாந்தேதி தள்ளுபடி ஆரம்பிக்குது. அதுக்குள்ள கால் சரியில்லாத பொண்ணுங்க யாரும் இங்க இருக்கக் கூடாது. நீங்களே பாத்து லிஸ்ட் குடுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள."

பேசும்போது குனிந்து என் காலைப் பார்த்தாரோ என்று தோன்றியது. மேஜைக்கு அடியில் பேனா விழுந்திருந்தது. அதைத்தான் எடுத்தார்.

ஜூலை 3, திங்கள்

அபிநயா, கோகிலா, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் ஒரு பெண். அவசரப்படாமல் பார்த்தார். அபிநயாவின் காலை விளக்கில் காட்டி, "இங்க பாருங்க, உள்ளங்கால் ரேகை இந்த எடத்துல அறுந்து போயிருக்கு. மேல சீவினா கறுப்புப் புள்ளி தெரியும். மேலேர்ந்து அமுக்கறதைவிட ரெண்டு பக்கமும் சேத்துக் கிள்ளினா அதிகமா வலிக்கும். இது ஆணி இல்ல, மரு. வைரஸ். ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டும்" என்றார்.

எப்படி ஒட்டும் என்று கோகிலா கேட்டாள்.

"ஈரத் தரை, பொது மிதியடி, ஒரே துண்டு, ஒரே கல்லு, ஒரே பிளேடு. பாத்ரூமுக்குச் செருப்புப் போட்டுப் போங்க. காலை நல்லாத் தொடைச்சுக் காயவிடுங்க. யாரும் தோண்டக் கூடாது."

களிம்பு எழுதிக் கொடுத்தார். வெந்நீரில் ஊறவைத்து, மேல் தோலை மட்டும் லேசாகத் தேய்த்து, மருந்து போட்டு, பிளாஸ்திரி ஒட்டவேண்டும். தேய்க்கிற அட்டையை வேறு யாரும் தொடக்கூடாது. தினமும் செய்தாலும் மூன்று மாதம் ஆகலாம். அப்படியும் போகாவிட்டால் குளிர் மருந்து வைத்து உறையவைப்பார்களாம்.

"ரெண்டு வாரத்துல போகாதா டாக்டர்?" என்றேன்.

"போகாதும்மா. பிடிவாதமான வியாதி. பொறுமையாத்தான் இருக்கணும். சரி, ஹாஸ்டல்ல மொதல்ல யாருக்கு வந்துச்சு?"

"தெரியல டாக்டர்."

கோகிலா என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது டாக்டர், "நீங்க ஏம்மா சாய்ஞ்சு நடக்கறீங்க?" என்றார்.

"முட்டி வலி" என்றேன்.

ஜூலை 4, செவ்வாய்

புது விதிகள் எழுதி ஒட்டினேன். குளியலறைக்குச் செருப்புக் கட்டாயம். அவரவர் துண்டு அவரவருக்கு. சாக்கு மிதியடியை எரித்தாயிற்று. தரைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று.

கால் தேய்க்கிற கல்லை, பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன்பே எடுத்துப் போய்ச் சாக்கடையில் போட்டேன். பழையதாகிவிட்டது, அதனால்.

ஜூலை 7, வெள்ளி

லிஸ்ட் கொடுத்தேன். நான்கு பெயர்கள். மற்ற நான்கு பேருக்கு ஆரம்ப நிலைதான், வெளியே தெரியாது.

கோகிலாவின் பெயரை எழுதவில்லை. நேற்று மாலை ஸ்டாக் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அக்கா, என்னைய வீட்டுக்கு மட்டும் அனுப்பிராதீங்க. போனா மாமாவுக்குக் கட்டி வச்சுருவாங்க."

அவளுடைய அக்கா போன வருடம் இறந்துபோனவள். அக்காவின் கணவனுக்கே இவளைக் கொடுப்பதென்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். வேலையில் இருக்கிறாள் என்பதால்தான் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது.

"சமைக்கறப்ப நைட்டியில தீ பத்திக்கிச்சுன்னு சொன்னாங்கக்கா. எங்கக்கா நைட்டி போட்டு நான் பாத்ததே இல்ல" என்றாள்.

பிறகு என் கையை விட்டுவிட்டு, "உங்க கால் விஷயம் நான் யாருகிட்டயும் சொல்லலக்கா" என்றாள்.

இரக்கப்பட்டுத்தான் அவள் பெயரை விட்டேன். வேறு காரணம் இல்லை.

ஜூலை 8, சனி

நான்கு பேரும் போய்விட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நான் போனேன். அபிநயா பஸ்ஸில் ஏறும்போது படியில் காலை வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். நான் பின்னாலிருந்து தூக்கிவிட்டேன். ஜன்னல் வழியாக, "கால் சரியானதும் திரும்ப எடுத்துக்குவீங்களாக்கா?" என்று கேட்டாள். பஸ் சத்தத்தில் காது கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

பதினாறாம் தேதி எல்லோரும் புது யூனிஃபார்மோடு வந்து நிற்கவேண்டும், தானே வந்து கால்களைப் பார்க்கப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். கோகிலா களிம்பைத் தவறாமல் போடுகிறாள். ஒரு வாரத்தில் என்ன தெரியும்?

"சீக்கிரமாப் போறதுக்கு வேற ஏதும் வழி இருக்காக்கா?" என்றாள்.

எங்கள் அம்மா சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து மருவில் வைப்பாள். வைத்த இடம் வெந்து உதிர்ந்துவிடும். அதைச் சொன்னேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். வை என்று சொல்லவில்லை.

ஜூலை 13, வியாழன்

கோகிலா நன்றாக நிற்கிறாள். சாக்ஸ் போட்டிருக்கிறாள். "வலி இருக்கா?" என்றேன். "இல்லக்கா, போயிருச்சு" என்றாள். மெத்தையில் ஏறும்போது மட்டும் உதட்டைக் கடிக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு வாடை வருகிறது. புடவைக் கஞ்சி வாடையாக இருக்கும்.

ஜூலை 16, ஞாயிறு

மேனேஜர் கால்களைப் பார்க்க வரவில்லை. அலங்கார விளக்கு கட்டுகிற வேலையில் இருந்தார். "நீங்க பாத்துட்டீங்கல்ல? உங்க வார்த்தையை நம்பறேன்" என்று போனில் சொன்னார். பார்த்துவிட்டேன் என்றேன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே தெருமுனை வரை வரிசை நின்றது. பதினொரு மணிக்குப் பட்டுப் பிரிவில் காலை நகர்த்த இடமில்லை. கோகிலா ஒரு குடும்பத்துக்கு அரக்குப் பட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முந்தியைத் தோளில் போட்டுக் காட்டியவள் அப்படியே மெத்தையில் சரிந்தாள். அந்தக் குடும்பத்துச் சின்னக் குழந்தை அழுதது.

தூக்கி ஸ்டாக் அறையில் படுக்கவைத்தோம். உடம்பு நெருப்பாகச் சுட்டது. ஜெயசீலிதான் சாக்ஸைக் கழற்றினாள். தோல் சாக்ஸோடு வந்தது. விரல்களுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, நடுவில் வெள்ளையாகக் குழி. கணுக்கால் வரை சிவந்து வீங்கி, கெண்டைக்காலில் ஒரு சிவப்புக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

"என்னத்தடி வச்ச?" என்று ஜெயசீலி கத்தினாள்.

கோகிலா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நானாத்தான் வச்சேன்" என்றாள்.

ஆட்டோ வருவதற்குள் மேனேஜர், பின்பக்கப் படி வழியாகக் கொண்டுபோகச் சொன்னார்.

ஜூலை 18, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி பெண்கள் வார்டு. வெந்த சதையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். எலும்புக்குப் போகவில்லையாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கவேண்டி வரலாம்.

மேனேஜர் அவள் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை.

ஜூலை 20, வியாழன்

அக்காவின் கணவன் வந்திருக்கிறான். பெயர் இளங்கோவன். வெள்ளைச் சட்டை, தலையைப் படிய வாரியிருக்கிறான். சத்தமே இல்லாமல் பேசுகிறான். கோகிலாவின் அப்பாவும் கூட வந்திருக்கிறார், ஆனால் வராண்டாவைத் தாண்டி உள்ளே வரவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டுப் போடாத அவளுடைய இன்னொரு காலைப் போர்வைக்குமேல் தடவிக்கொண்டே இருந்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்வைக்குள் கால் விரல்கள் மடங்குவது எனக்குத் தெரிந்தது.

"நாங்க வீட்ல வச்சுப் பாத்துக்கறோங்க. எங்க வீட்டுப் பொண்ணு. ஆவணி மொத முகூர்த்தம் குறிச்சாச்சு. புண்ணோட இருந்தாலும் பரவாயில்லன்னு நான்தான் சொன்னேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அவ நடந்து எங்க போவணும்?" என்று சிரித்தான்.

மாலையில் கடைக்குப் போனேன். மேனேஜர் ஒரு கடிதம் டைப் செய்து வைத்திருந்தார். கோகிலா வியாதியை மறைத்து வேலை பார்த்தாள், விடுதி விதியை மீறித் தானே ஏதோ செய்துகொண்டாள், கடைக்குப் பொறுப்பில்லை, அவள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படுகிறாள். கீழே வார்டன் கையெழுத்துக்கு இடம்.

"நாளைக்குக் காலையில வந்து போடறேன் சார், தலை சுத்துது" என்றேன்.

"அந்த டைரியையும் கொண்டாங்க. எழுதினதைப் பாக்கணும்."

ஜூலை 21, வெள்ளி

இந்த டைரியை இனி யாருக்கும் காட்டப்போவதில்லை. ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

காலையில் கடைக்குப் போகவில்லை. நேராகத் தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது செருப்பைக் கழற்றி இடது காலை ஸ்டூலில் வைத்தேன். டாக்டர் பிளாஸ்டரை உரித்துவிட்டு, மேல் தோலைச் சீவினார். கறுப்புப் புள்ளிகள், எள்ளை அள்ளிக் கொட்டினது போல. ஒன்றைச் சுற்றி இன்னொன்று, அதைச் சுற்றி வேறு.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ஆறு வருஷம்."

"தோண்டிட்டே இருந்திருக்கீங்க. அதான் பரவியிருக்கு." கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நான் கேட்டேனே."

"பொய் சொன்னேன். எனக்குத்தான் மொதல்ல வந்தது. என் கல்லுலதான் எல்லாப் புள்ளைங்களும் தேய்ச்சுதுங்க. செருப்புப் போடாதீங்கன்னு சொன்னதும் நான்தான். சுண்ணாம்பு வைக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். நான் கோகிலாவின் அக்காவைப் பற்றியும், வந்திருக்கிறவனைப் பற்றியும் சொன்னேன். அவர் எழுந்து என்னோடு வார்டுக்கு வந்தார்.

இளங்கோவன் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போவதற்கு நர்சிடம் காகிதம் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அவனைத் தாண்டிப் போய்க் கட்டிலருகே நின்றார். "கோகிலா, ஒனக்கு வயசு என்ன?"

"இருபது."

"இவங்களோட போறியா?"

அவள் அப்பா அப்போதுதான் வாசல்வரை வந்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"போகல" என்றாள். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி, "போகமாட்டேன். எங்கக்கா மாதிரி என்னையும் கொளுத்திருவான்" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக் காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்து அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். அக்கா விஷயத்தையும் எழுதினார். இளங்கோவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போகும்போது மட்டும் என் பக்கத்தில் நின்று, "நீங்க எந்த ரோட்டுல வேலைக்கு வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான், ஏதோ நலம் விசாரிப்பது போல.

அவளுடைய அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கொண்டுவந்திருந்த மாற்றுத்துணிப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 24, திங்கள்

கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் மேஜையில் என் செருப்பைக் கழற்றி வைக்கவில்லை, அவ்வளவுதான். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் காட்டினேன். "லிஸ்ட்ல மொதப் பேரா இதை எழுதியிருக்கணும் சார்" என்றேன்.

மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பத்தொன்பது வருடத்தில் சேர்ந்தது ஒரு பெட்டியிலும் ஒரு பக்கெட்டிலும் அடங்கிவிட்டது. பிள்ளைகள் யாரும் விடுதியில் இல்லை. வேலை நேரம். லீவில் இருந்த ஜெயசீலி மட்டும் மாடி ஜன்னலில் நின்றாள். கையசைத்தாளா, திரைச்சீலையை இழுத்தாளா தெரியவில்லை.

ஜூலை 29, சனி

தென்னூரில் ஒரு மாடி அறை. எனக்கு முதல் தடவை குளிர் மருந்து வைத்தார்கள். சுருக்கென்று ஏறி, பிறகு கொதித்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி வரவேண்டும். எத்தனை தடவை என்று இப்போது சொல்ல முடியாதாம்.

கோகிலாவுக்குத் தோல் வைத்தது பிடித்துக்கொண்டது. வார்டிலிருந்து அரசாங்கப் பெண்கள் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தையல் மிஷின் இருக்கிறதாம். காப்பகத்துக்கு எதிர்ப் பெட்டிக்கடையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நிற்பதாக வாட்ச்மேன் சொன்னார். போலீசில் சொல்லியிருக்கிறது.

"அக்கா, உங்க மேல எனக்குக் கோவம்தான்" என்றாள் கோகிலா. நான் இருக்கட்டும் என்றேன். "கோவம் போறவரைக்கும் வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. வீட்டுக்காரர்கள் காவிரிக்குப் போய்விட்டார்கள். கட்டுப் போட்ட காலோடு நான் அறையில் இருந்தேன்.

லிஸ்டில் எழுதி அனுப்பிய நான்கு பேருக்கும் இன்று போன் செய்வதென்று உட்கார்ந்தேன். வந்தது என்னிடமிருந்துதான் என்று சொல்லவேண்டும். என்ன மருந்து, எப்படிப் போடுவது, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் சொல்லவேண்டும்.

முதல் பெண் முழுக்கக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இரண்டாவது பெண் அழுதாள். "நான்தான் அசிங்கம் புடிச்சவ, அதான் வந்துச்சுன்னு எங்கம்மா தனித் தட்டுல சோறு போடறாங்கக்கா. நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவள் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி நானே பேசினேன்.

மூன்றாவது அபிநயா. அவளுடைய அம்மா எடுத்தார்.

"அபிநயாவா? அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சுங்களே! ஆடி பொறந்தா ஒரு மாசம் தள்ளிப் போவும்னு, ஆனி கடைசி ஞாயித்துக்கெழமையே கோயில்ல வச்சு முடிச்சுட்டோம். பேசிட்டே இருந்த எடந்தான், இவதான் வேலை வேலைன்னு புடிகுடுக்காம இருந்தா. நீங்க அனுப்பி வச்சது நல்லதாப் போச்சு. உங்களுக்குப் புண்ணியம்."

அவளிடம் பேசவேண்டும், நம்பர் கொடுங்கள் என்றேன்.

"அவகிட்ட இப்ப போன் இல்லீங்க. மாப்பிள்ள வாங்கி வச்சுட்டாரு."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அதை யாரு பாத்தா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்தார். பின்னால் யாரோ கூப்பிடவும் போனை வைத்துவிட்டார்.

நான்காவது எண்ணை இன்னும் அழைக்கவில்லை.